அறுவை அரங்கிலும் தொடர வேண்டிய தணிப்பு

குணப்படுத்த இயலாத நோயிலும் குழந்தையின் வலியையும் மூச்சுத்திணறலையும் அச்சத்தையும் குறைத்து, குடும்பத்துக்கும் துணைநிற்கும் மருத்துவமே நோய்த்தணிப்புச் சிகிச்சை எனப்படுகிறது. எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே அதை நாட வேண்டும் என்ற எண்ணம் தவறானது. நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்க வேண்டும் என்றும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் விளக்கியது. ஆகவே, விழுங்க இயலாத குழந்தைக்கு வயிற்றின் வழியே உணவூட்டும் குழாய் பொருத்தும் அறுவையும் தணிப்பே ஆகும்.

திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கப்பட்ட பாலியம் இந்தியா என்னும் நோய்த்தணிப்பு அமைப்பின் நிறுவனர் எம்.ஆர். ராஜகோபால் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பது தற்செயலன்று. ஏனெனில் வலியை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் கையாளும் துறை அதுவே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகிவிட்ட நாட்டில், 2014இல் அச்சட்டம் தளர்த்தப்படும்வரை நடந்த நெடும் போராட்டத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. நோய்த்தணிப்புக்கெனக் கேரள அரசு 2008இலேயே தனிக் கொள்கை வகுத்தது.

குழந்தைகளின் வலியை மருத்துவ உலகம் ஏற்கவே காலம் பிடித்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று கருதி, மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவை செய்யும் வழக்கம் 1980கள் வரை நீடித்தது. ஃபென்டனில் என்னும் வலிநீக்கி அளிக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் குறைந்ததை, இந்தியாவில் பிறந்த மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1987இல் நிறுவினர்.

கடும் நோயுற்ற குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதில் தனி இடர்கள் உண்டு. டுஷேன் தசைச்சிதைவு நோயில், தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் இரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென உயர்த்தி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். நெடுநாள் மார்ஃபின் உட்கொண்ட குழந்தைக்கோ வழக்கமான வலிநீக்கி அளவு போதாது.

இவற்றினும் கடினமானது, இதயம் நின்றால் மீட்பு முயற்சி வேண்டாம் என்று பெற்றோர் ஏற்கெனவே எடுத்த முடிவு. அறுவையின்போது நேரும் தடுமாற்றம் நோயினால் அன்றி மயக்க மருந்தினாலும் வரலாம், எளிதில் சரிசெய்யப்படவும் கூடும் என்பதால், அந்த முடிவைத் தானாக ரத்தாகிவிட்டதாகக் கொள்வதும் அப்படியே பின்பற்றுவதும் முறையல்ல. அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், தணிப்புக் குழுவினர் ஆகியோர் பெற்றோருடன் முன்கூட்டியே அமர்ந்து அதை மீண்டும் பேச வேண்டும். அத்தகைய பேச்சைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.