எந்தத் துணிக்கு எந்தத் தையல்?



நோன்பு பாதியைத் தாண்டிவிட்டால், கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் தராவீஹுக்குப் பிறகு கேட்கும் சத்தம் தையல் மெஷினின் சத்தம்தான். ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து புறக்கோட்டை கெய்சர் வீதிக்கு நடந்தே போய், துணியும் நூற்கட்டையும் பொத்தானும் வாங்கி வந்து, பெருநாளைக்கு முன் தைத்துக் கொடுத்து நாலு காசு சேர்க்கும் பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

"மௌலவிக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் உம்மாவிடம் ஒரு கறுப்பு சிங்கர் கைமெஷின் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் கைபிடியைச் சுற்றுவது என் வேலை. புறக்கோட்டையில் 1877ஆம் ஆண்டில் சிங்கர் கடை திறந்துவிட்டதால், மூத்தம்மாமாரின் காலத்திலேயே அந்தக் கறுப்பு மெஷின் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆகவே நான் எழுதுவது ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல, கை நொந்த படிப்பும்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள். என் மனைவி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜுப்பா தைத்துக் கொடுத்திருந்தாள். தொழுகைக்கு நின்ற ஒரு பிள்ளைக்கு, முதல் ரக்அத்தின் ஏழு தக்பீர்களும் முடிவதற்குள் கக்கத்துத் தையல் இடுப்பு வரை விட்டுப் போய்விட்டது! வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மெஷினைப் பார்த்தாள். தையலின் நீளத்தைக் காட்டும் திருகு 4இல் நின்றது. அன்றிரவு ஒரு பிள்ளையின் சட்டைக்குச் சுருக்கு வைப்பதற்காக நீளத்தைக் கூட்டி, மேல்நூலையும் தளர்த்தியிருக்கிறாள். பிறகு திருப்பி வைக்க மறந்து, அதே தையலில் நாலு ஜுப்பாவைத் தைத்து முடித்துவிட்டாள்.

ஒன்று பிரிந்துவிட்டது. மற்ற மூன்றும்? பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் நாலையும் கேட்டு வாங்கி வந்து, காசு வாங்காமல் மறுபடி தைத்தாள். "எங்கட பிள்ளையிட ஜுப்பா பிரியவே இல்லையே ராத்தா" என்றார் ஒரு தாய். "பிரியாட்டியும் எனக்குத் தெரியும்தானே" என்றாள் இவள்.

அன்று முதல் நானும் தையலைச் சற்றுக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். புதிய மெஷின்களில் பூவும் இலையும் அலையுமாகப் பல தையல்கள் இருக்கின்றன. விலை கேட்கப் போனால் கடைக்காரர் அவற்றைத்தான் முதலில் காட்டுவார். ஆனால் வீட்டுத் தையலில் பெரும்பகுதிக்கு நேர்த்தையலும் சிக்சாக்கும் போதும். எந்தப் பூ என்பதல்ல, எந்த நீளம் என்பதுதான் கேள்வி.

மெஷினின் நேர்த்தையல் இரண்டு நூல்களால் ஆனது. ஊசியின் நூல் மேலிருந்தும் பொபினின் நூல் கீழிருந்தும் வந்து, துணியின் நடுவில் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். சாதாரணப் பருத்தித் துணிக்கு 2.5 மில்லிமீற்றர் நீளம் சரி, அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழப் பத்துத் தையல். வொயில், ஜோர்ஜெட் போன்ற மெல்லிய துணிக்கு 2. திரைத்துணி, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 3. சுருக்கு வைக்கவும் தற்காலிகமாக இணைக்கவும் 4க்கு மேல். "குட்டையாகத் தைத்தால் உறுதிதானே?" என்று எண்ணி எல்லாவற்றையும் 1இல் தைக்காதீர்கள். முத்திரைத் தாளில் ஓட்டைகளின் வழியே கிழிகிறதல்லவா, மெல்லிய துணியும் அப்படித்தான் கிழியும்.

தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நாலு தையல் பின்னோக்கி ஓட்டிக் கட்டுங்கள். பழைய மெஷினில் பின்னோக்கி ஓடும் வசதி இல்லாவிட்டால் நூலை நீளமாக விட்டு, இரண்டையும் உட்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடலாம். பழைய மெஷினை இகழ வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, ஓடிக்கொண்டிருந்தவை காலால் மிதிக்கும் மெஷின்கள்தான்!

கை அசையும் போதெல்லாம் இழுபடும் இடங்கள் கக்கம், கழிசானின் தொடை சேருமிடம், சல்வாரின் பக்கத் திறப்பு முடியும் இடம் என்பன. அங்கே 2இல் வைத்து, முதல் தையலுக்கு வெளியே துணி ஓரப் பக்கமாக 2 மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஜேர்சி போன்ற இழுபடும் துணிக்கு மட்டும் நேர்த்தையல் ஆகாது. துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துவிடும். உள்முக்காடும் சிறு பிள்ளைகளின் பெனியனும் இப்படித்தான் வீணாகின்றன. அவற்றுக்கு அகலம் 1, நீளம் 2.5 வைத்து ஒடுங்கிய சிக்சாக் போடுங்கள். முனை உருண்ட ஊசியைக் கேட்டு வாங்குங்கள். கூர் ஊசி ஜேர்சியின் இழையை அறுத்துத் துளையாக்கும். பருத்தித் துணியின் ஓரம் நூல் பிரியாமலிருக்க அகலம் 4 அல்லது 5 வைத்து, ஊசி வலப்பக்கம் விழும்போது துணி ஓரத்தைச் சற்றே தாண்டி விழும்படி ஓட்டுங்கள்.

ஜோர்ஜெட்டில் அதே அகன்ற சிக்சாக்கைப் போட்டால் ஓரம் சுருண்டு குழாயாகிவிடும். அதற்குச் சிக்சாக்கோ ஓவர்லொக்கோ தேவையில்லை. கறுப்புக் கைமெஷினே போதும். துணியின் உட்பக்கமும் உட்பக்கமும் சேர வைத்து, ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றரில் தைத்து, மிஞ்சியதை 3 மில்லிமீற்றராக வெட்டி, திருப்பி மடித்து, இப்போது 6 மில்லிமீற்றரில் இன்னொரு தையல். பிசிர் முழுவதும் உள்ளே மறைந்துவிடும். தொழுகை உடுப்புக்கு இதைவிட அழகான தையலை நான் கண்டதில்லை.

புதிதாகப் பழகும் மகளுக்கு முதல் வேலையாகச் சாரம் மூட்டக் கொடுங்கள். கட்டங்களை நேராகப் பொருத்தி, வெளிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஒரு முனை மற்றதைவிட 1 சென்ரிமீற்றர் நீண்டு நிற்கட்டும். முதலில் ஒரு ஓட்டு. பிறகு நீண்ட முனையால் குட்டை முனையை மூடி மடித்து, சாரத்தை விரித்துப் படுக்க வைத்து இன்னொரு ஓட்டு. வாப்பா உடுத்து, குந்தி எழும்பி, அது பிரியாவிட்டால் பிள்ளை சித்தியடைந்துவிட்டாள்.

எந்த உடுப்பையும் தொடங்குமுன் அதே துணியின் துண்டொன்றில் தைத்துப் பாருங்கள். மேலே வெள்ளை நூல், பொபினில் கறுப்பு நூல் போட்டால் கோளாறு உடனே தெரியும். கறுப்பு மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது. கீழே வெள்ளை வளையங்கள் சிக்குண்டு கிடந்தால் பொபினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோர்க்கப்பட்டிருக்காது. துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்துவிட்டு மீண்டும் கோருங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். மெல்லியதற்கு 11, நடுத்தரத்துக்கு 14, தடித்ததற்கு 16. ஊசியின் நீண்ட பள்ளம் நூல் கோர்க்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

காசுக்குத் தைக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு விடயம். அறபுக் கல்லூரியில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் கூலிப் பாடத்தை ஓதும்போது தையற்காரரின் வழக்கு வரும். "நீர் கபா தைக்கச் சொன்னீர்" என்கிறார் தைத்தவர், "இல்லை, கமீஸ்தான் சொன்னேன்" என்கிறார் துணிக்காரர். வலுவான கருத்தின்படி, சத்தியம் செய்தால் துணிக்காரரின் சொல்லே ஏற்கப்படும். தைத்தவருக்குக் கூலியும் இல்லை, துணியின் மதிப்பில் ஏற்பட்ட குறைவுக்கு அவரே ஈடும் கொடுக்க வேண்டும். நூல் யாருடைய பொறுப்பு என்பதும் அதே பாடத்தில் பேசப்படுகிறது. தையற்காரர் மீது கடமையில்லை என்பது ஒரு கருத்து. இமாம் ராபிஈ (ரஹ்) அவர்களோ ஊர் வழக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஓதும் வயதில் இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

நமது பகுதியிலோ வழக்கமே வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே துணியைக் கையில் வாங்கும்போதே நூல் யாருடையது, பொத்தான் யாருடையது, உள்ளே பிசிர் மறையத் தைப்பதா, சிக்சாக்கா, அதற்குக் கூலி எவ்வளவு என்று பேசி, அளவுக்குப் பக்கத்திலேயே கொப்பியில் எழுதி வையுங்கள். என் மனைவி இப்போது அப்படித்தான் செய்கிறாள். மெஷினின் திருகில் 2.5க்கு நேரே சிவப்பு மையால் ஒரு புள்ளியும் வைத்திருக்கிறாள். இரவில் விளக்கை அணைக்குமுன் அதைத் திருப்பி அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் எழும்புவாள்.