இறங்கும் வேளையில் இயந்திரம் ஓய்ந்தால்

விடுமுறையில் ஊர் செல்லும் நம் குடும்பங்களுட் பல, இரயிலில் இரண்டு இரவுகள் கழிப்பதை விடுத்து இப்போது விமானம் ஏறுகின்றன. தரையை நெருங்கும் வேளையில் இயந்திரம் ஓய்ந்தால் என்னாகும் என்னும் அச்சம், வெளியே சொல்லாவிடினும், நம்மிற் பலருக்கு உண்டு. அதனை ஆராய்ந்து அறிதல் நன்று.

இயந்திரம் ஓய்ந்த கணமே விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடாது. போதிய வேகம் உள்ளவரை இறக்கைகள் அதனைத் தாங்கும். உயரத்தைச் செலவிட்டு வேகத்தைக் காத்துக்கொண்டு அது சறுக்கிச் செல்லும். ஆகவே உயரமும் வேகமுமே விமானியின் கையிருப்பு. இறங்குங்கால் அவ்விரண்டும் சொற்பம். ஓடுபாதை எட்டவில்லையே என்று மூக்கை நிமிர்த்தினால் வேகம் மேலும் குன்றி, இறக்கைகள் தாங்கும் வலிமையை இழக்கும். மனம் நிமிர்த்தச் சொல்லும் அவ்வேளையில் மூக்கைத் தாழ்த்துவதே விமானி பெறும் பயிற்சி.

2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து 152 பேருடன் இலண்டன் ஹீத்ரோ நிலையத்தை நெருங்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 விமானத்துக்கு இச்சோதனை நேர்ந்தது. சுமார் 700 அடி உயரத்தில் வலப்புற இயந்திரமும், சில நொடிகளில் இடப்புற இயந்திரமும் விசை குன்றின. தானியங்கிக் கருவியோ, குறித்த இறங்குவழியை விடாதிருக்க மூக்கை நிமிர்த்திக்கொண்டே சென்றது. வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டராகக் குறைந்தது. துணை விமானி ஜான் கவர்ட் மூக்கைத் தாழ்த்தினார். அதற்கு முன்னரே தலைமை விமானி பீட்டர் பர்கில், இறக்கையின் பின்புறம் தாழ்த்தியிருந்த மடல்களை ஒரு படி உயர்த்திக் காற்றின் தடையைக் குறைத்திருந்தார். அதனால் விமானம் ஏறத்தாழ 50 மீட்டர் கூடுதலாகச் சென்று, வழிகாட்டும் அலைக்கம்பங்களில் மோதாது தப்பியது. ஓடுபாதைக்கு 330 மீட்டர் முன்னால் புல்தரையில் அது விழுந்தது. விமானம் சிதைந்தது, ஒருவருக்குக் கால் முறிந்தது, பலர் சிறு காயமுற்றனர், எவரும் உயிர் இழக்கவில்லை.

காரணம் பின்னர்த் தெரிந்தது. எரிபொருளில் இயல்பாகவே உள்ள சிறிதளவு நீர், நெடுநேரக் குளிரில் குழாய்களினுள் பனிக்கட்டியாகப் படிந்தது. அது ஒருசேரப் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துவிட்டது. அக்கருவியின் அமைப்பு பின்னர்த் திருத்தப்பட்டது.

இத்தகைய வேளையில் நமக்கும் கடமை உண்டு. இறங்கி நிற்கும்வரை இடுப்புப் பட்டையைத் தளர்த்தலாகாது. வெளியேறுக என்னும் ஆணை பிறந்தால், பெட்டிகளை விடுத்துக் குழந்தைகளுடன் உடனே வெளியேற வேண்டும். ஊரில் நம்மை எதிர்பார்த்திருப்போர் வேண்டுவது நம் வரவையே அன்றோ!