ஊட்டி தொலைநோக்கியில் சிக்கும் பெருத்த அணுக்கள்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால், ஊட்டி அருகே முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அது 1970-இல் இயங்கத் தொடங்கியது. எலக்ட்ரான் வெகு உயரமான ஆற்றல் நிலையில் இருக்கும், விண்வெளியின் ‘ரிட்பெர்க் அணு’க்களும் இதில் சிக்குகின்றன.

அவை எப்படி உருவாகின்றன?

விண்மீன் ஒளியால் பிய்ந்துபோன எலக்ட்ரானை ஹைட்ரஜன் கரு மீண்டும் பிடிக்கிறது. அது சில நேரம் வெகு உயரமான நிலையில் ஒட்டிக்கொண்டு, பின்பு படிப்படியாக இறங்குகிறது. 273-ஆம் நிலையிலிருந்து 272-க்கு இறங்கும்போது சுமார் 325 மெகாஹெர்ட்ஸ் அலை வெளிப்படும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் கே.ஆர். அனந்தராமையா, 1980-களில் ஊட்டியில் இந்த அலைகளைப் பதிவு செய்து, பால்வெளியின் அடர்த்தி குறைந்த வாயுவை ஆராய்ந்தார்.

இந்த அணுக்கள் மின்புலத்துக்கு ஏன் எளிதில் வசப்படுகின்றன?

நிலை எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப அணு பெரிதாகும். 272-ஆம் நிலையில் அதன் விட்டம் ரத்தச் சிவப்பணு அளவுக்கு வந்துவிடும். எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் ஆற்றலோ சுமார் 74,000 மடங்கு குறைந்துவிடும். மீட்டருக்கு ஏறத்தாழ 6 வோல்ட் மின்புலமே எலக்ட்ரானைப் பிடுங்கப் போதும். காந்தப்புலமும் ஆற்றல் நிலைகளைப் பிரித்து நகர்த்தும்.

அருகே பாயும் எலக்ட்ரான்களின் மின்புலம் பட்டால் இந்த அணுக்களின் நிறமாலைக் கோடு அகன்று மங்கும். வாயு நெருக்கமானால் அகலமும் கூடும். ஆகவே கோட்டின் அகலத்தை அளந்தே, எட்டாத தொலைவிலுள்ள வாயுவின் அடர்த்தியைக் கணிக்க முடிகிறது.