2038-ஐத் தாண்டும் கடிகாரம்

நம் முன்னோரில் பலர் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கித் தோட்டங்களுக்குப் போனவர்கள். அதே தீவின் பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை அமைத்தது. வேறு நிறுவனங்களும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று மின்னணுத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே, அந்தத் தொழிலைச் சேர்ந்த ஒரு செய்தியை இன்று பார்ப்போம்.

தொழிற்சாலை இயந்திரம், மருத்துவக் கருவி, சாலை விளக்கு ஆகியவற்றுக்குள் சிறு கணினிகள் பதிந்திருக்கின்றன. கணினியின் உறுப்புகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அடிப்படை நிரலைக் 'கெர்னல்' என்பார்கள். காலைப் பெரட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுக்கும் மண்டோரைப் போன்றது அது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட 'லினக்ஸ்' கெர்னல் இத்தகைய கருவிகள் பலவற்றில் இயங்குகிறது.

ஓடுகிற கெர்னலை ஏன் மாற்ற வேண்டும்? பழைய கெர்னல்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன. மற்றொரு காரணம் கடிகாரம். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணியே இக்கணினிகள் நாளைக் கணக்கிடுகின்றன. 32 பிட் கணக்கில் 2,147,483,647 நொடிகளுக்கு மேல் எண்ண இடமில்லை. 2038 ஜனவரி 19, மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் கருவி 1901-ஆம் ஆண்டு என்று எண்ணிக்கொள்ளும். நாள் பார்த்து வேலை செய்யும் கருவிகள் தடுமாறும். இந்த எல்லையைத் தாண்ட வழி செய்த லினக்ஸ் 5.6, 2020 மார்ச்சில் வெளிவந்தது.

கெர்னலை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வோர் உறுப்பையும் இயக்கும் 'டிரைவர்' நிரல்கள் பழைய கெர்னலின் உள்முறைக்கு எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்த வேண்டும். மேலே ஓடும் நிரல்களையும் 64 பிட் நேரக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பிறகு சோதனைக் கருவியின் கடிகாரத்தை 2038-க்குத் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும். பழைய பிரதியை நினைவகத்தின் மறுபகுதியில் வைத்திருப்பது நல்லது. புதியது தொடங்காவிட்டால் பழையதைக் கொண்டு கருவியை ஓட்டலாம். புதுப் பாலம் பாரம் தாங்கும்வரை பழைய பாலத்தை யாரும் இடிப்பதில்லை அல்லவா?

பெற்றோர்களே, இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை 2038-இல் வேலைக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். கருவியைப் பொருத்துவதோடு நிற்காமல், அதன் உள்ளே ஓடும் நிரலைத் திருத்தவும் நம் பிள்ளைகள் கற்கட்டும். அதற்கு வேண்டிய கணக்குப் பாடத்தின் அடித்தளம் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே தொடங்குகிறது.