சாவிக்கு முன் ஒரு கையெழுத்து

ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி மேட்டில் நிற்கிறது சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல். 1892இல் வேலை தொடங்கியது. கட்டச் சொன்ன சுல்தான் 1895இல் காலமானார். பணி முடிந்ததோ 1900இல். கட்டச் சொன்னவர் மறைந்த பிறகும் கட்டடம் தடம் மாறாமல் எழுந்தது. அதற்குத் திட்டம் தந்தவர் துவான் ஹாஜி முகமட் அரிஃப் பின் புனாக் என்ற கட்டடக் கலைஞர்.

பள்ளிவாசலுக்கும் அரண்மனைக்கும்தான் அப்படி ஒருவர் வேண்டுமா? ஸ்கூடாயிலோ மாசாயிலோ குலாயிலோ சொந்த நிலத்தில் வீடு கட்டும் நம் குடும்பங்களுக்கும் வேண்டும். ஆனால் நம்மில் பலர் நேராகக் குத்தகையாளரிடம் போய்விடுகிறோம். "பிளான்தானே, நானே பார்த்துக்கிறேன் அண்ணே" என்ற ஒரு பேச்சை நம்பி, வாழ்நாள் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

கட்டடக் கலைஞர் முதலில் கேட்பது கிரான் எனும் நில உரிமைப் பத்திரத்தை. விவசாய நிலமென்றால் நில வகையை மாற்ற வேண்டுமா என்று வீடு கட்டுமுன் விசாரித்தாக வேண்டும். அடுத்து, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதைக் கண்டவர்களுக்குத் தரைமட்டத்தின் அருமை தெரியும். அரை மீட்டர் மண் கொட்டுவதா வேண்டாமா என்பது தாளில் இருக்கும்போதே முடிவாக வேண்டிய விஷயம்.

பிறகு வரைபடம். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள் மனிதர் மூச்சுவிட இடம் கேட்கின்றன. அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி ஜன்னல். அதில் பாதியளவாவது காற்று வரத் திறக்க வேண்டும். படுக்கையறையின் உயரம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. இவற்றைச் சரிபார்த்த பிறகே வரைபடம் ஊராட்சி மன்றத்தின் அனுமதிக்குப் போகிறது.

வேலை தொடங்கியதும்தான் அவருடைய அருமை புரியும். தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். கம்பிகளுக்கு அடியில் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகள் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி பலகையில் படிந்து, கான்கிரீட்டின் மறைப்பு கிடைக்காமல், சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் கூரை உதிரும். கம்பியைப் பொறியாளர் பார்ப்பார். குளியலறைக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, தரை வடிகாலை நோக்கிச் சரிகிறதா என்று கட்டடக் கலைஞர் பார்ப்பார். கொட்டிவிட்ட பிறகு யாராலும் எதையும் பார்க்க முடியாது.

பணமும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். முடிந்த வேலையை மதிப்பிட்டு, இவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் சான்றளித்த பிறகே குத்தகையாளருக்குத் தொகை. அதிலும் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டு, குறைகளைச் சரிசெய்த பிறகுதான் முழுதாகக் கைக்கு வரும்.

கடைசியாக அந்தக் கையெழுத்து. முன்பு, குடிபுகும் சான்றிதழை ஊராட்சி மன்றம் கொடுத்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அந்தப் பொறுப்பு, திட்டத்தைச் சமர்ப்பித்த தகுதி பெற்ற நிபுணருக்கு, அதாவது நம் வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞருக்கு, வந்தது. மண் வேலை முதல் நிலவனப்பு வரை 21 கட்டங்களுக்கான படிவங்கள் இருக்கின்றன. உரிய படிவங்களில் அந்தந்த வேலையைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் ஒப்பமிட்ட பிறகே, 'சிசிசி' எனும் நிறைவுச் சான்றிதழில் அவர் கையெழுத்திடுவார். 'இந்த வீட்டில் மனிதர் பாதுகாப்பாக வாழலாம்' என்று சட்டத்தின் முன் அவர் தரும் வாக்கு அது. பொய்யாகத் தந்தால் சட்டம் அவரைத்தான் பிடிக்கும்.

வீடு கட்ட நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்தகையாளரைத் தேடுமுன் கட்டடக் கலைஞரைத் தேடுங்கள். அவர் பெயர் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்குத் தரும் கட்டணத்தை வீண் செலவாக எண்ணாதீர்கள். அதுவும் வீட்டின் அஸ்திவாரம்தான்.