நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன் இப்போது யார் கையில்?

2024 டிசம்பர் 24 அன்று சைபர்ஹேவன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பிரவுசருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களைத் தரும் கூகுளின் குரோம் ஸ்டோரிலிருந்து வந்ததுபோல் தெரிந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்தார். 'உங்கள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மீறுகிறது, நீக்கப்போகிறோம்' என்றது அது. பதறிப்போய் லிங்க்கைத் தட்டினார். திறந்தது போலிப் பக்கமல்ல, கூகுளின் அசல் அனுமதிப் பக்கம். அனுமதி கொடுத்தார். பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஓ.டி.பி.யும் கேட்கவில்லை. அந்த ஓர் அனுமதியை வைத்து, கிறிஸ்துமஸ் அன்று அந்த எக்ஸ்டென்ஷனின் திருத்தப்பட்ட பதிப்பைத் திருடர்கள் ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். ஏறத்தாழ 25 மணி நேரம் அது அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். நிறுவனத்தின் தொழில் என்ன தெரியுமா? கம்பெனிகளின் தகவல் வெளியே கசியாமல் காப்பது.

இதில் பயனாளர் செய்த தவறு ஒன்றுமில்லை. எதையும் தட்டவில்லை, எதையும் தரவிறக்கவில்லை. பிரவுசர் திறந்திருந்தது, எக்ஸ்டென்ஷன் தானாகப் புதுப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான். 'தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை இங்கே பாதிதான் உதவும்.

விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, வீடியோவை இறக்க ஒன்று, பி.டி.எஃப். மாற்ற ஒன்று என்று நம் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. சேர்க்கும்போது ஒரு சிறு பெட்டி வரும். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் முடியும்' என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். அதை நாம் படிப்பதில்லை. ஆனால் அது மிகையே இல்லாத வாசகம். வங்கிப் பக்கத்தில் தெரியும் இருப்புத்தொகை, மின்னஞ்சல், படிவத்தில் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பாமல் விட்ட வரி வரை எல்லாம் அதில் அடக்கம். முகவரிப் பட்டையில் சில பிரவுசர்கள் காட்டும் பூட்டுச் சின்னம் குறிக்கும் பாதுகாப்பு, வழியில் நடக்கும் திருட்டைத்தான் தடுக்கும். எக்ஸ்டென்ஷனுக்கு வேலையே, பக்கம் உங்கள் திரைக்கு வந்துசேர்ந்த பிறகுதான். எல்லாத் தளங்களிலும் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் அழுத்தும் எழுத்து தெரிந்தே ஆகவேண்டும், அதில் தப்பில்லை. அதைத் தருபவர் யார் என்பதுதான் கேள்வி.

அந்த 'யார்' மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. சும்மா கிடக்கும் டேப்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தும். 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில் அதில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் பயனாளருக்கு 'கை மாறிவிட்டது' என்று ஒரு வரிகூட வரவில்லை. கூடுதல் அனுமதி கேட்டால்தான் குரோம் எச்சரிக்கும். முன்பே எல்லா அனுமதியும் கொடுத்தாகிவிட்டதென்றால் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது? நட்சத்திர மதிப்பீடும் பதிவிறக்க எண்ணிக்கையும் பழைய உரிமையாளர் சம்பாதித்தவை என்பதால், அவற்றைப் பார்த்து நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

சைபர்ஹேவன் சம்பவத்தில் திருடர்கள் குறிவைத்தது ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளை. அதற்கு வழி, குக்கீ. ஒரு தளத்தில் நுழைந்ததும், 'இவர் இன்னார்தான்' என்பதற்கு அடையாளமாக அது பிரவுசரில் ஒரு குக்கீயை வைக்கும். அந்தக் குக்கீ யார் கையில் கிடைக்கிறதோ அவர்தான் நீங்கள். ஓ.டி.பி. கட்டமெல்லாம் தாண்டிய பிறகு தரப்படுவது அது. வங்கித் தளம் சில நிமிடங்களில் தானே வெளியேற்றிவிடும். மின்னஞ்சலோ மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. மின்னஞ்சல் போனால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழியும் சேர்ந்தே போகும்.

செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. குரோமில் மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் எக்ஸ்டென்ஷன்ஸ், பிறகு மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். அங்கே இருப்பதில் எது எதற்கென்று நினைவில்லையோ அதைத் தயங்காமல் நீக்குங்கள். அணைத்துவைப்பது போதாதா என்றால், நீக்குவதே மேல். மிச்சமிருப்பவற்றில் 'டீடெய்ல்ஸ்' போய் 'சைட் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'எல்லாத் தளங்களிலும்' என்பதை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றலாம். பி.டி.எஃப். மாற்றும் கருவி உங்கள் வங்கிப் பக்கத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறது?

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, பணப் பரிவர்த்தனைக்கு ஒரு எக்ஸ்டென்ஷனும் இல்லாத தனிப் புரொஃபைல். ஒரு புரொஃபைலில் சேர்த்தது மற்றொன்றில் வராது. இது சொந்தக் கணினிக்கு; பிரவுசிங் சென்டர் கணினியில் யார் எதைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. தேர்வு விண்ணப்பம் போடப் போகும் இடத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

சந்தேகம் வந்துவிட்டால், நீக்குவதற்கு முன் அந்த எக்ஸ்டென்ஷனின் பெயர், பதிப்பு எண், டீடெய்ல்ஸ் பக்க முகவரியின் கடைசியில் உள்ள 32 எழுத்து அடையாளம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு நீக்குங்கள். நீக்கினால் மட்டும் தீராது. போன குக்கீ போனதுதான். வேறொரு கருவியிலிருந்து உள்ளே போய், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தி, பாஸ்வேர்டை மாற்றவேண்டும்.

பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் பொறுப்பல்ல. 'நீங்கள்தானே எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தீர்கள்' என்று வங்கி வாதிடலாம். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. புகார் கொடுத்த பிறகு நடக்கும் இழப்பு எப்படியும் வங்கியின் தலையில்தான். ஆகவே புகார் கொடுத்த நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதிவையுங்கள்.

அதிகம் பேர் போகாத ஒரு கதவும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரிக்கலாம். 2010 ஏப்ரலில் தமிழகத்தில் அந்தப் பொறுப்பில் இருந்த அதிகாரி, போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணத்தை இழந்த தூத்துக்குடி கிளை வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு பெரிய தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். விவரத்தைக் கொடுத்து ஏமாந்தது வாடிக்கையாளர்தான் என்ற வங்கியின் வாதம் அங்கே எடுபடவில்லை.