ஹோம் தியேட்டர் இரைச்சலுக்கு மருந்து பவர் கண்டிஷனரா?

நமது நண்பர் ஒருவர் புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்கிறார். புது வீட்டின் ஹோலில் ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் பூட்டினார். படமும் சத்தமும் அருமை. ஆனால் படத்தை நிறுத்தினாலும் சப்வூஃபரில் இருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஓர் இரைச்சல். கடையில் விசாரித்தபோது, "கரண்ட் சரியில்ல நானா, பவர் கண்டிஷனர் ஒண்டு போடுங்க" என்றார்களாம். ஐம்பதாயிரத்துக்கும் மேல் கொடுத்து அதையும் வாங்கினார். இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. பிறகு வந்த ஒரு பையன் எம்ப்ளிஃபயர் பிளக்கைத் திறந்து எர்த் வயரை வெட்டிவிட்டான். சத்தம் நின்றது. நண்பருக்கு நிம்மதி. கேட்ட நமக்கோ நெஞ்சு படபடத்தது.

இரைச்சல் ஏன் வருகிறது? நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று. அந்த 50 சுற்றும் அதன் இரட்டிப்பான 100 சுற்றும்தான் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கின்றன. எம்ப்ளிஃபயர் ஒரு பிளக்கில், சப்வூஃபர் மறுசுவரில் வேறொரு பிளக்கில், கூரையில் இருந்து வரும் டிஷ் வயர் இன்னொரு பக்கம். இவை ஒவ்வொன்றும் தனித்தனி வழியாக நிலத்தைத் தொடுகின்றன. இரண்டு எர்த்துக்கு இடையில் சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தாலும், இவற்றை இணைக்கும் ஓடியோ வயரின் வெளியுறை வழியாக மின்சாரம் சுற்றி ஓடும். எம்ப்ளிஃபயர் அதையும் பாட்டைப் போலவே பெருக்கிக் கொடுக்கும்.

ஆக, கோளாறு இருப்பது பெரும்பாலும் எர்த் தொடுப்பில். சுவரில் இருந்து வரும் கரண்டைச் சுத்தப்படுத்தும் பெட்டியால் ஓடியோ வயரில் ஓடும் மின்சாரத்தை நிறுத்த முடியாது. ஐம்பதாயிரம் ரூபா எங்கே போனது என்பது இப்போது விளங்கும்.

எர்த்தை வெட்டினால் சத்தம் நிற்பது உண்மைதான். சுற்று அறுந்துவிடுகிறதல்லவா? ஆனால் நாளை எம்ப்ளிஃபயருக்குள் ஒரு வயர் கழன்று தகரப் பெட்டியில் பட்டால், அந்தப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தால் அந்தக் கணமே ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை பெட்டி காத்திருக்கும். முதலில் தொடுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

சரியான வழி எது? பணம் செலவழிக்கு முன் கால் மணித்தியாலம் செலவழியுங்கள். எம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு சப்வூஃபருக்கு வரும் ஓடியோ வயரைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் சப்வூஃபரிலேயே பழுது. இரைச்சல் நின்றால் வயரை மீண்டும் போட்டு, டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நண்பர் வீட்டில் இந்த இடத்தில்தான் சத்தம் ‘டப்’ என்று நின்றது. டிஷ் கம்பத்துக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்திருந்தார்கள். வயரிங் பாஸ் ஒருவர் அதைத் தடித்த செப்புக் கம்பியால் வீட்டின் பிரதான எர்த்துடன் இணைத்தார். எம்ப்ளிஃபயரின் எர்த் வயரையும் திரும்பப் பூட்டினார். மீதமிருந்த மெல்லிய இரைச்சல், சப்வூஃபரையும் எம்ப்ளிஃபயரையும் ஒரே 13 அம்பியர் பிளக்கில் இருந்து எடுத்ததும் போய்விட்டது.

அப்படியும் போகாவிட்டால் ஓடியோ வயருக்கு நடுவில் போடும் ஐசொலேட்டர் என்ற சிறு சாமான் இருக்கிறது. விலை அதிகமில்லை. டிஷ் பெட்டியில் ஒப்டிகல் துளை இருந்தால் அந்த வயரால் எம்ப்ளிஃபயருக்கு இணைக்கலாம். அதில் ஒளி மட்டுமே செல்வதால் அந்த வயர் வழியாக இரைச்சல் வராது. ஒரு எச்சரிக்கை: சாதாரண எண்டெனா ஐசொலேட்டரை டிஷ் வயரில் போடாதீர்கள். டிஷ்ஷின் எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் தடைப்பட்டுப் படமே வராது.

அப்படியானால் பவர் கண்டிஷனர் வீண் பொருளா? இல்லை. அதன் வேலை வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் திரும்ப வரும் நேரத்து ஏற்ற இறக்கமும், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் அடிக்கும் இடி மின்னலும் சாமான்களைக் கொல்லும். அந்த இடத்தில் நல்ல கண்டிஷனர் உதவும். ஆனாலும் நேரடியாக விழும் மின்னலுக்குப் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, கண்டிஷனருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் மேலதிக வோல்டேஜின் ஒரு பகுதியை எர்த்துக்கே அனுப்புகிறது. எர்த் இல்லாத வீட்டில் அது அரைகுறை வேலைதான் செய்யும்.

வாங்குவதானால், முதலில் உங்கள் சாமானின் பின்பக்க லேபலைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் வோல்டேஜ் குறைவதற்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு 230இல் இருந்து ஆறு சதவீதம் கூடக் குறைய, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். அதற்குள் நின்றால் சர்ஜ் பாதுகாப்பும், கரண்ட் வந்து சிறிது நேரம் தாமதித்துத் திறக்கும் வசதியும் போதும். வி.ஏ. கணக்கிலும் ஏமாற வேண்டாம். பெட்டியில் 1000 வி.ஏ. என்று பெரிதாக எழுதி, உள்ளே 600 வொட் என்று சிறிதாக எழுதியிருப்பார்கள். உங்கள் சாமான்களின் வொட்டைக் கூட்டி, அதைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதை எடுங்கள். அமெரிக்காவில் இருந்து வரும் 120 வோல்ட் கண்டிஷனரை மலிவென்று வாங்கி இங்கே பூட்டினால் அது புகைந்துவிடும். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த எம்ப்ளிஃபயர்கள் 100 வோல்ட்; அவற்றுக்கு முதலில் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும்.

இலத்திரனியல் சாமான் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரைச்சல் என்று வருபவரிடம் "டிஷ் வயரக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டு, ஒரு ஐசொலேட்டரைக் கையில் கொடுத்தால் அன்றைய இலாபம் சிறிதுதான். கண்டிஷனரைக் கட்டியடித்தால் இலாபம் பெரிது. ஆனால் ஒரு கிழமையில் அந்தப் பெட்டியோடு அவர் திரும்பி வருவார், அல்லது திரும்பியே வரமாட்டார்.

நண்பரின் கண்டிஷனரைக் கடை திரும்ப எடுக்கவில்லை. இப்போது அது அவரது புடவைக் கடையில், பில் போடும் கணனிக்கும் கெமரா ரெக்கோடருக்கும் காவல் இருக்கிறது.